குரலுக்குத் தெரியக் கூடாதது

வாசிக்க வேண்டிய கதை கைக்கு வந்ததும் பென்சிலை எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப எழுதுவேன்: யாருக்குத் தெரியும்? எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லில் அழுத்துவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கதையில் ஒருவர் ஒன்று சொல்கிறார். உண்மை வேறாக இருக்கிறது. அது சொல்கிறவருக்குத் தெரியுமா? எதிரே நிற்கும் பாத்திரத்துக்குத் தெரியுமா? இருவருக்கும் தெரியாமல் கேட்கும் நமக்கு மட்டும் தெரியுமா? அல்லது நமக்கும் இப்போது தெரியாமல், கடைசிப் பக்கத்தில்தான் தெரியப்போகிறதா? முரண்நகையின் வகைகளை நான் பிரித்துக்கொள்வது இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

வானொலி நாடகத்தில் பேசத் தொடங்கி, இப்போது ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் என்னை இவ்வளவு பிடித்துவைத்திருக்கும் விஷயம் வேறொன்றில்லை. அச்சில் இருக்கும் வரை முரண்நகை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. குரல் அதைத் தொட்ட உடனே ஒன்று உயிர் பெறும், இல்லையென்றால் அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

புதியவர்கள் நக்கலான வரி ஒன்றைக் கண்டால் உடனே குரலை வளைப்பார்கள். மூக்கால் இழுப்பார்கள், சொல்லுக்கு நடுவே லேசாகச் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டால், "கேக்கறவங்களுக்குப் புரியணும்ல சார்?" என்பார்கள். புரியத்தான் வேண்டும். ஆனால் புரிந்துகொள்வது கேட்கிறவருடைய வேலை, அவருடைய சந்தோஷமும் அதுதான். அதையும் நாமே செய்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்? "நீ நம்பிச் சொல்லும்மா. நம்பாம கேக்கறத அவங்க பாத்துக்குவாங்க" என்பதே என் பதில்.

இதற்கெல்லாம் வேர் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. நேரங்கழித்து வரும் மகனைப் பார்த்து அம்மா சொல்கிறாள்: "வாங்க துரை. சோறு ஆறிப்போச்சுங்களே, சூடு பண்ணித் தரட்டுங்களா?" இதில் வசைச்சொல் ஒன்றுமில்லை. தினமும் 'வாடா' என்று கூப்பிடும் வாய் இன்று 'வாங்க' என்றது, அவ்வளவுதான். அதுவே தண்டனை. தமிழில் குத்திப் பேசுவதற்கு முதல் கருவி குரலின் ஏற்ற இறக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது மரியாதை விகுதிதான். உரிமை உள்ள இடத்தில் மரியாதை கூடினால் விலக்கம் கூடிவிட்டது என்று பொருள். கோபம் தணிந்ததற்கு அடையாளம், மறுநாள் காலையில் 'எந்திரிடா' என்று கேட்பது.

மைக் முன்னால் இந்த வசனத்தைப் பேசும்போது 'ங்க' ஒவ்வொன்றையும் விருந்தாளியிடம் சொல்வது போலவே முழுசாக, சுத்தமாகச் சொல்ல வேண்டும். குரலிலும் கோபத்தைக் காட்டினால் விகுதி வீணாகிவிடும். வட்டாரத்தையும் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் 'ங்க' போட்டுப் பேசும் கொங்குப் பக்கத்துக் கதையில் இந்தக் கருவி வேலை செய்யாது. அங்கே 'ங்க' காணாமல் போனால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். ஸ்கிரிப்டில் ஒரு 'ங்க' விடுபட்டிருந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாமல் எழுதியவரிடம் கேட்டுக்கொள்வேன்.

இன்னொன்று சாடைப் பேச்சு. உள்ளே மருமகள் இருக்கிறாள். திண்ணையில் மாமியார் பூனையைத் திட்டுகிறாள்: "ஒனக்கென்ன, பால் இருந்தாக் குடிப்ப, இல்லன்னா சுருண்டு படுத்துக்குவ. கேக்க நாதி இருக்கா ஒன்னய?" யாருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பூனைக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது மாமியாருக்கும் தெரியும். ஆனாலும் வெளியே வந்து கேட்டால், "நான் பூனையத்தானே வஞ்சேன்" என்று சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறது. அந்த வழி திறந்திருக்கும் வரைதான் அது சாடை. ஆகவே பேசுகிறவர் உண்மையிலேயே பூனையைத் திட்ட வேண்டும். ஒலி நாடகத்தில் இதற்குப் பதில் வசனமும் தேவையில்லை. உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டால் போதும்.

சங்கப் பாட்டிலும் இதே அமைப்பு அப்படியே இருக்கிறது. ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை எட்டாம் பாட்டைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பரத்தை பேசுகிறாள். அவளுக்கு எதிரே தலைவி இல்லை. தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். தலைவன் என் வீட்டில் இருந்தபோது பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும், கண்ணாடியில் தெரியும் உருவம் எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் தானும் தூக்குவது போல, தன் மகனின் தாய்க்கு அவள் விரும்பியதைச் செய்துகொண்டிருக்கிறான் என்கிறாள். மனைவி என்று அவள் சொல்லவில்லை. மகனின் தாய் என்கிறாள். மேலுக்குப் பார்த்தால் அதைவிட மரியாதையான பேர் கிடையாது. உள்ளே, அவனை அந்த வீட்டில் கட்டிவைத்திருப்பது அந்தப் பிள்ளைதான், அவள் அழகு அல்ல என்று சொல்லியாகிவிட்டது. பாட்டின் தொடக்கத்தில் வயலோர மாமரத்துப் பழம் தானாக உதிர, குளத்து வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. தேடிப் போகாமலே பழம் வாய்க்கு வந்த மீன் யார் என்று அவள் விளக்கவில்லை. நானும் விளக்குவதில்லை. ஊர்ச் சேதி சொல்கிற குரலில் வாசித்துக்கொண்டு போய், 'மகனின் தாய்' வரும் இடத்துக்கு முன்னால் மட்டும் அரை மாத்திரை நிறுத்துவேன். அழுத்த மாட்டேன். நிறுத்தமும் அழுத்தமும் சேர்ந்தால் தெருச்சண்டையாகிவிடும். நிறுத்தம் மட்டும் இருந்தால் அது போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நம் இலக்கணக்காரர்கள் இதையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாக்குகிறார்: வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம், மறைத்து வைவது பழிகரப்பு அங்கதம். புகழ்வது போலப் பழிப்பதையும் பழிப்பது போலப் புகழ்வதையும் தண்டியலங்காரம் இலேச அணியோடு சேர்த்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று படித்தோமே, அதுதான். பெயர்கள் எனக்கு உதவுகின்றன. ஆனால் மைக் முன்னால் நிற்கும்போது பெயரைக்கொண்டு குரலைத் தீர்மானிக்க முடியாது.

காளமேகத்தின் பாட்டு ஒன்றை வைத்து இதைச் சொல்லிக்கொடுப்பேன். நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்துக்குப் பசியோடு போன கதை தனிப்பாடல் மரபில் பிரசித்தம். சாப்பாடு வரத் தாமதமாக, புலவர் பாடுகிறார். பொழுது அடையும்போதுதான் இங்கே அரிசி வரும். குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடும். ஓர் அகப்பை இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். சத்திரக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க, அதே பாட்டுக்குப் புலவர் வேறு பொருள் சொன்னாராம்: உணவே அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்து குவியும், உலையேறினால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோறு வெள்ளி முளைத்தது போல வெளுத்திருக்கும்.

இதை ஒரு சொல்லும் மாற்றாமல் இரண்டு முறை வாசிக்கச் சொல்வேன்: ஒரு முறை பசித்தவனாக, ஒரு முறை உண்டு முடித்தவனாக. பிள்ளைகள் முதலில் 'டோனை' மாற்றப் பார்ப்பார்கள். எரிச்சல் குரல், இனிப்புக் குரல் என்று இரண்டு குரல் வரும். இரண்டும் போலியாக இருக்கும். கொஞ்ச நேரம் போராடிய பிறகு அவர்களே கண்டுபிடிப்பார்கள். பசித்தவன் பொழுதைச் சொல்லும் சொற்களில் தங்குகிறான். அடைகிற சூரியனும் அடங்குகிற ஊரும் முளைக்கிற வெள்ளியும் அவனுக்கு நீண்டுகொண்டே போகின்றன. உண்டவன் அரிசியிலும் உலையிலும் இலையிலும் தங்குகிறான். குரல் மாறவில்லை, மனம் தங்கும் இடம் மாறுகிறது. வாய்மொழியில் முரண்நகை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

காளமேகத்திடம் விளையாட்டு இருக்கிறது. ஔவையிடம் இருப்பது விளையாட்டில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். புறநானூறு 95. இங்கே இருக்கும் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த அரண்மனையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனியும் கங்கும் முறிந்து எந்நேரமும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். இந்தப் பாட்டுக்குப் பழைய குறிப்பு தரும் துறை வாள்மங்கலம்.

இதை நக்கலாகப் பாடிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது தாங்க முடியாத தவறாகப் படுகிறது. அரசவையில் நிற்கும் தூதர் அவர். குரலில் ஏளனம் கேட்ட அடுத்த கணம் தொண்டைமான் அவமானப்படுவான், வந்த காரியம் கெடும், போர் வரும். அவர் குரலில் வியப்புதான் இருக்க வேண்டும். பீலியும் மாலையும் நெய்யும் உண்மையாகவே அழகானவை, அதை உண்மையாகவே சொல்ல வேண்டும். முதல் பாதி முடியும்போது தொண்டைமான் முகம் மலர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் பாதியில் முறிந்த நுனி வரும்போது அந்த மலர்ச்சி அப்படியே நிற்க, பொருள் மட்டும் மெல்ல இறங்க வேண்டும். தங்கள் ஆயுதங்கள் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை குறைபட்டுக்கொள்வது போலச் சொன்னால்தான் அது நடக்கும்.

அதோடு பாட்டு முடிந்துவிடவும் இல்லை. இருந்தால் பிறருக்குக் கொடுப்பான், இல்லாவிட்டால் இருப்பதைக் கூட உட்கார்ந்து உண்பான், ஏழைகளின் சுற்றத்துக்குத் தலைவன் என்று அதியமானைப் பற்றி நேராகச் சொல்கிறார். இங்கே ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வகுப்பறையில் வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணம் என்று எடுத்துக்கொண்டு இந்தக் கடைசி வரிகளை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ முழுப் பாட்டும் அந்த வரிகளுக்காகத்தான் இருக்கிறது என்று தோன்றும். போலிப் புகழ்ச்சியைக் கேட்ட காதிலேயே உண்மைப் புகழ்ச்சியும் விழும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடுகிறது. அங்கே என் குரலை ஒரு படி இறக்கி, வேகத்தைக் குறைத்துக்கொள்வேன்.

திருக்குறளில் கயமை அதிகாரமும் இந்த இனம்தான். கயவர் தேவர்களுக்குச் சமம், ஏனென்றால் மனம்போனபடி நடக்கிறார்கள். நல்லது தெரிந்தவர்களைவிடக் கயவர் பாக்கியசாலிகள், ஏனென்றால் அவர்கள் நெஞ்சில் கவலை இல்லை. அங்கேயும் அதே விதிதான். முதல் அடியைப் பாராட்டாகவே சொல்ல வேண்டும்.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது மட்டும் நான் அவசரப்படுவதில்லை. தமிழில் நாடக முரணுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை.

இளங்கோ ஒரு துணிச்சலான காரியம் செய்கிறார். பதிகத்திலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். கோவலன் பொருள் இழப்பான், சிலம்பு விற்கப் போவான், பொற்கொல்லன் பழி சுமத்துவான், பாண்டியன் கொல்வான், மதுரை எரியும். கேட்கிறவருக்கு எல்லாம் தெரிந்த பிறகுதான் புகாரில் கல்யாணம் நடக்கிறது. சோபோக்ளீஸின் நாடகத்தில் தீபஸ் நகரத்துக் கொள்ளைநோய்க்குக் காரணமான கொலைகாரனை ஈடிப்பஸ் சபிக்கிறான். சபிக்கப்படுவது தானே என்று அவனுக்குத் தெரியாது, பழங்கதையை அறிந்து வந்து உட்கார்ந்திருந்த ஏதென்ஸ்காரர்களுக்குத் தெரியும். நம் தெருக்கூத்திலும் துகில் உரியப்படும் என்று தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். நாடக முரண் நிற்பது இந்த ஏற்பாட்டின் மேல்தான்: நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நடுவில் நிற்கும் குரல் யார் பக்கம் நிற்பது?

அவர்கள் பக்கம்தான். குரலுக்குத் தெரியக் கூடாது.

மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் வர வேண்டாம் என்று கைகாட்டுவது போல அசைகின்றன. வையை தன் கண்ணீரைப் பூவாடை போர்த்து மறைத்துக்கொண்டு போகிறது. இவை கவிஞர் நம்மிடம் பேசும் இடங்கள். இங்கே குரல் கொஞ்சம் தெரிந்ததாக இருக்கலாம். ஆனால் கொலைக்களக் காதை தொடங்கியதும், தலைப்பே கொலைக்களம் என்று இருக்க, உள்ளே என்ன நடக்கிறது? சமையல் நடக்கிறது. ஆயர்பாடியில் மாதரி கொடுத்த காய்கறிகளைக் கண்ணகி கைசிவக்க அரிந்து, வியர்வை வழியச் சமைத்து, இலை போட்டு, கணவனுக்குப் பரிமாறுகிறாள். அதைப் பார்த்த மாதரியும் ஐயையும் இவன் கண்ணன்தானோ, இவள் நப்பின்னைதானோ என்று பூரித்துப்போகிறார்கள். அந்தப் பூரிப்பை முழுப் பூரிப்பாகவே பேச வேண்டும். ஒரு தயாரிப்பில் இந்த இடத்துக்குச் சோகமான வீணை இசையைப் போட்டுவிட்டார்கள். மாதரியின் சந்தோஷம் அத்தனையும் பொய்யாகிவிட்டது. கேட்பவருக்கு வயிற்றைப் பிசைய வேண்டும் என்றால் இசை எதுவும் வேண்டாம். சோறு பரிமாறுகிற சத்தம் போதும்.

சிலம்போடு கிளம்பும் கோவலனின் எதிரே ஒரு காளை பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம். ஆனால் அவன் குலத்துக்கு அது தெரியாது என்று இளங்கோ ஒரு வரி சொல்கிறார். ஆயர் மகனாக இருந்தால் திரும்பியிருப்பான். வணிகர் மகன், மேலே நடக்கிறான். யாருக்குத் தெரியும் என்ற கேள்வியைக் கவிஞரே கேட்டுப் பதிலும் எழுதிவைத்த இடம் என்று இதைச் சொல்வேன்.

அடுத்து வருவதுதான் என்னை எப்போதும் உலுக்கும் உரையாடல். நூறு கொல்லர் பின்தொடர வரும் பொற்கொல்லனைப் பார்த்து, அரசனின் பொற்கொல்லன் என்று ஊகித்துக் கோவலன் கேட்கிறான்: அரசன் தேவிக்கு ஏற்ற காற்சிலம்பு ஒன்றுக்கு உன்னால் விலை மதிக்க முடியுமா? சரக்கின் தரத்தை உயர்த்திச் சொல்லும் வியாபாரி வாக்கு, வேறொன்றுமில்லை. அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவனிடமே அதைச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுக்கிறான். பொற்கொல்லன் மிகப் பணிவாக, எனக்கு என்ன தெரியும், அரசர் முடிக்கலன் செய்யும் சாதாரண ஆள் என்கிறான். சிலம்பைப் பார்த்ததும், இது கோப்பெருந்தேவிக்குத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது என்கிறான். ஒரே வாக்கியம். கோவலன் அதைப் பாராட்டு என்று கேட்கிறான். நாம் மரண தண்டனை என்று கேட்கிறோம். சொன்னவனுக்கு இரண்டும் தெரியும்.

இங்கே இரண்டு குரலுக்கும் இரண்டு விதி. கோவலனுக்குக் குரல் கொடுப்பவர் எதுவும் தெரியாத உற்சாகத்தில் இருக்க வேண்டும். நல்ல ஆள் கிடைத்துவிட்டான், இன்றே காரியம் முடிந்துவிடும் என்ற நிம்மதி. பொற்கொல்லனுக்குக் குரல் கொடுப்பவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் தெரியும் என்பது தெரியக் கூடாது. வில்லன் குரல் போட்டால் கோவலன் முட்டாளாகிவிடுவான். கோவலன் முட்டாள் இல்லை. எவரையும் நம்ப வைக்கும் பணிவு எதிரே நின்றது.

பிறகு காவலர்கள் வருகிறார்கள். ஆளைப் பார்த்தால் திருடன் போல இல்லையே என்று அவர்கள் தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் களவு நூல் பாடம் எடுக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி, இந்த எட்டும் திருடர்களின் துணை என்று. திருடன் அல்லாதவனைத் திருடன் என்று நிரூபிக்கத் திருடனே திருட்டுக் கலையை விளக்குகிறான். அவன் சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை; அனுபவம் பேசுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், கல்வியில்லாதவன், வாளை ஓங்கி வெட்டிவிடுகிறான். அந்த எட்டுச் சொற்களை ஓர் ஆசிரியரின் நிதானத்தில் வாசிக்க வேண்டும். கேட்பவர்களுக்குக் கத்த வேண்டும் போல் இருக்கும். கத்த முடியாமல் அவர்கள் உட்கார்ந்திருக்கும் அந்தத் தவிப்புதான் நாடக முரண் தரும் அனுபவம்.

இந்தப் பகுதி முழுவதும் 'கள்வன்' என்ற சொல்லை நான் ஓரிடத்திலும் அழுத்துவதில்லை, அழுத்தவிடுவதுமில்லை. பொற்கொல்லன் வாயில் அது சாதாரணமாக வரட்டும். ஊடல் தீர்க்க அரசியின் மாளிகைக்கு அவசரமாகப் போகும் அரசன் வாயில் அலட்சியமாக வரட்டும். ஏனென்றால் வழக்குரை காதையில் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. கண்ணகி அவைக்கு வந்து, ஆராய்ந்து பாராத மன்னன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவள் பேச்சில் சாடை இல்லை, பணிவு வேஷம் இல்லை, இரட்டைப் பொருள் இல்லை. எல்லாரும் மறைத்தும் அறியாமலும் பேசிய கதையில் முதல் முறையாக ஒருத்தி செம்பொருளாகவே பேசுகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. பொன்செய் கொல்லன் சொல் கேட்ட நானா அரசன், நானே கள்வன் என்று பாண்டியன் விழுகிறான். மற்றவர்களைச் சுற்றிவந்த சொல், அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இருந்தவன் வாயிலிருந்தே அவன் மேல் வந்து விழுகிறது. அதுவரை அந்தச் சொல்லைச் செலவழிக்காமல் வைத்திருந்தால்தான் இங்கே அதற்குக் கனம் இருக்கும்.

சூழல் முரண் இதற்கு நேர் எதிர். அங்கே யாருக்கும் முன்பே தெரியாது. வாசிக்கிறவரும் தெரியாதவராகவே வர வேண்டும். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' எனக்கு மிகப் பிடித்த உதாரணம். வேலை கேட்டு ஸ்டுடியோவுக்கு வரும் எளிய மனிதர் ஒருவர், அலுவலக அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறார். பார்த்தவர்கள் உறைந்துபோகிறார்கள். புலி மறைந்து மனிதன் திரும்பி வந்ததும் மறுபடி அதே கெஞ்சல், அதே பசி. அவருக்கு ஒரு வாய்ப்புப் போல ஒன்று வந்தபோது ஆள் அகப்படவில்லை. இவ்வளவையும் ஸ்டுடியோ ஊழியர் ஒருவர் அலுவலகக் குறிப்பு எழுதுகிற குரலில் சொல்கிறார். வாசிக்கிறவர் இரக்கத்தைக் கலந்தால் கதை அழுகைக் கதையாகிவிடும். அசோகமித்திரன் எங்கே குரலை உயர்த்தவில்லையோ அங்கே நாமும் உயர்த்தக் கூடாது. கடைசிப் பத்தியை வேகம் குறைக்காமல் வாசித்து முடித்துவிட்டு, அதன் பிறகு ஒலிப்பதிவில் கொஞ்சம் அமைதியை விட்டுவைக்கும்படி எடிட் செய்கிறவரிடம் கேட்டுக்கொள்வேன்.

என் விதியை உடைக்கும் எழுத்தாளர் புதுமைப்பித்தன். 'பொன்னகரம்' கதையில் ஏழ்மைப்பட்ட சந்துக்கு அப்படி ஒரு பெயர்; கதைசொல்லி நம்மைப் பார்த்தே பேசுகிறார், நம்மைப் பார்த்தே கேட்கிறார். அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதது போல இருக்கிறோம் என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. இங்கே அப்பாவிக் குரல் பொருந்தாது. கோபம் வெளியே தெரியலாம், தெரிய வேண்டும். இதை வாசிக்கும்போது முன்னால் ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொண்டு அந்த முகத்திடம் கேட்பேன்.

இவ்வளவையும் குரலை வைத்துச் சொன்னாலும், மௌனமாகப் படிக்கிறவருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். மனசுக்குள் படிக்கும்போதும் ஒரு குரல் படிக்கத்தான் செய்கிறது. வாட்ஸ்அப்பில் 'சூப்பர்' என்று வந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்து நட்பு முறிகிறது என்றால், அனுப்பியவர் குரல் ஒன்று, படித்தவர் மனசுக்குள் கேட்ட குரல் இன்னொன்று.

தமிழாசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணம் தருக என்று ஔவையின் பாட்டை எழுதிப்போட்டு, அணியின் பெயரைச் சொல்லி, விளக்கத்தை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன்னால், வகுப்பில் ஒரு பிள்ளையைத் தொண்டைமானாக உட்கார வையுங்கள். இன்னொரு பிள்ளையை அவன் எதிரே நின்று பாட்டை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டின் எந்த இடத்தில் உனக்கு உறைத்தது என்று தொண்டைமானிடம் கேளுங்கள். அவன் கைநீட்டிக் காட்டும் சொல்லிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். அணியின் பெயரை அன்றைக்கு மணி அடிப்பதற்குள் சொல்லிக்கொள்ளலாம்.